எது முதல் பாகம்?

1985 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் காமிக்ஸ் வாங்கிய எந்தப் பையனும், "இதுல எது முதல் பாகம்?" என்று கடைக்காரரைக் கேட்டதில்லை. கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் இதழ்களில் எந்த அட்டை கண்ணை இழுத்ததோ அதை உருவிக்கொள்வோம். விலை ஒன்றரை ரூபாய், மிஞ்சினால் இரண்டு, மூன்று. காஞ்சிபுரம் பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது கதை பாதிக்கு மேல் ஓடியிருக்கும், இறங்குவதற்குள் முடிந்துவிடும். இன்று சென்னைப் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்கின் முன்னால் தயங்கி நிற்கும் பிள்ளைகள் முதலில் கேட்பதே இந்தக் கேள்வியைத்தான். "அண்ணா, இதை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" அரங்கில் இருப்பவர் பொறுமையாகத்தான் விளக்குகிறார். இருந்தும், கேட்டவர்களில் பலர் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வாழ்கிறவன் என்பதால் இந்தத் தயக்கம் என்னைக் கூடுதலாக உறுத்துகிறது. புதிதாக ஒரு ஊரில் வந்து இறங்குகிறவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் சேரும் பகுதிகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. திருவண்ணாமலையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், தோளில் ஒரு பையோடு தினமும் யாராவது வருகிறார்கள். இவர்களுக்குப் பொழுதுபோக்கும் வேண்டும், துணையும் வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்க் காமிக்ஸ் இந்த இரண்டையும் எவருக்கும் முன்நிபந்தனை இல்லாமல் தந்தது. அந்தக் கதவு எப்படிக் குறுகியது, திரும்ப எப்படித் திறக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரை அப்போது வெளியுலகம் ராமானுஜர் பிறந்த ஊராகத்தான் அறிந்திருந்தது. 1991 மே மாதத்துக்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊராகவும் அறிந்தது. மற்றபடி ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், பெங்களூர் நெடுஞ்சாலையில் நில்லாமல் போகும் லாரிகள். ஒரகடம் என்றால் ஒரு கூட்டு ரோடு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊருக்கு வாசிக்க எது வருமோ அதுவே எங்கள் நூலகம். தினத்தந்தி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ராணி காமிக்ஸும் போனது. அதே குழுமத்தின் வெளியீடு என்பதால் ஏஜெண்டுகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஜேம்ஸ் பாண்டை அட்டையில் போட்டு 1984 ஜூலையில் அது தொடங்கியது. அதே மாதம் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு வந்தது. லயனுக்கு மூத்தது முத்து காமிக்ஸ். சௌந்தரபாண்டியன் 1972-இல் அதைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் விஜயன்தான் லயனின் ஆசிரியர், இன்றுவரை அவர்தான். சின்னப் பிள்ளைகளுக்கென்று மினி லயன், ஜூனியர் லயன், பயப்பட ஆசைப்படுகிறவர்களுக்குத் திகில் என்று அந்தப் பத்தாண்டில் சிவகாசியிலிருந்து வரிசையாக இதழ்கள் வந்தன. வாண்டுமாமாவின் பூந்தளிரும் அந்த நாட்களில் அதே கயிற்றில் தொங்கியது.

இந்த இதழ்களின் உள்ளே புதியவனுக்காகச் செய்யப்பட்ட வேலை எவ்வளவு என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. எழுத்தாளர்கள் தெரிந்தே செய்த வேலை அது. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-இல் பிறந்தவர். கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டெல் உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும்; கை மட்டும் மறையாது. நான் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஒரு பக்கம் உண்டு. முதல் கட்டத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒரு மனிதர் சுவரோரம் நிற்கிறார். அடுத்த கட்டத்தில் இரும்பு விரல்கள் பிளக்கில் நுழைகின்றன, பொறி தெறிக்கிறது. மூன்றாவது கட்டத்தில் மனிதர் இல்லை. காற்றில் ஒரு கை மட்டும் கதவுக் கைப்பிடியைத் திருப்புகிறது. மூன்றே கட்டம். முந்தைய இதழ் எதையும் பார்த்திராத பையனுக்கும் இந்த வீரர் யார், இவரால் என்ன முடியும், இவருக்கு எது தேவை என்று எல்லாம் தெரிந்துவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் இவர் கதி என்ன என்ற பயம்கூட வந்துவிட்டது. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று எதை முதலில் எடுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் அந்த பிளக் வந்தே தீரும். பம்ப்செட் கொட்டகையில் மெயின் சுவிட்சைத் தொடாதே என்று அடி வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் கொடுத்த சிலிர்ப்பை வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் எங்களைவிட நன்றாக உணர்ந்திருக்க முடியாது.

ஸ்பைடரும் அப்படித்தான். குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கி நீதியின் பக்கம் சாய்ந்தவன்; கூரான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் 1966-இலிருந்து ஸ்பைடருக்குக் கதை எழுதினார். சூப்பர்மேனைப் படைத்தவரின் கற்பனை 'பாட்டில் பூதம்' என்ற பெயரில் எங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ராணியில் வந்த வேறொரு மாயாவியான முகமூடி வீரருக்கு இன்னும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. லீ ஃபாக் 1936-இல் படைத்த அந்த வீரரின் கதைகள் பலவற்றில், தாமதமாக வந்து சேர்ந்த வாசகருக்கென்றே சில கட்டங்கள் ஒதுக்கியிருப்பார்கள். கடற்கொள்ளையர் தாக்கிய கப்பல், கரை ஒதுங்கிய ஒருவன், மண்டையோட்டின் மேல் அவன் செய்த சத்தியம், தலைமுறை தலைமுறையாக மகன் அணிந்துவரும் அதே உடை. பழகிய வாசகர்கள் அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போவார்கள். புதியவனுக்கு அங்கேதான் நாற்காலி போட்டிருந்தது.

அமெரிக்காவில் மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீயின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது. எந்த இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழ், அதை மனதில் வைத்து எழுது என்பது அதன் சாரம். சிவகாசியில் யாரும் இதை எழுதி ஒட்டியிருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பெட்டிக்கடை வியாபாரமே அப்படித்தான். போன மாதம் வாங்கியவன் இந்த மாதம் வருவான் என்ற உறுதி கிடையாது. பஸ்ஸுக்கு நிற்பவன் எவனோ அவனே வாசகன். படித்து முடித்த இதழ் கை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு கொடுத்தால் ஒன்று என்று பரிமாறிக்கொள்வோம். அட்டை கிழிந்து, முதல் நான்கு பக்கம் போன இதழைக்கூடப் புரிந்து படிக்க முடிந்தது.

தொண்ணூறுகளில் இது தேய ஆரம்பித்தது. காரணங்களை எல்லோரும் அறிவார்கள்: வீட்டுக்கு வீடு கேபிள், காகித விலை, ஆங்கிலவழிப் பள்ளி. ஐநூறு இதழ்கள் கண்ட ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் மாதங்கள் தவறி, சில ஆண்டுகள் பேருக்கு ஓரிரண்டு இதழ்களோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. பெட்டிக்கடைக் கயிற்றில் ஷாம்பு சரமும் பான்மசாலா சரமும் ஏறின.

அதே ஆண்டுகளில்தான் எங்கள் சாலை வேறு உருவம் எடுத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. 2000-இல் செயின்ட் கோபைன் கண்ணாடி. 2006-இல் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான். நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோது தெருவுக்குத் தெரு வேலை போன பிள்ளைகள் நின்றார்கள். அந்த வலியை ஊர் மறக்கவில்லை. பிறகு ஐபோன் வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக் கட்டடங்களை முதலமைச்சர் திறந்துவைத்தார். இந்தத் தாலுக்காவின் பல ஊராட்சிகளைவிடப் பெரிய ஊர் அது. முழுக்க முழுக்க இளம் வயதினர்.

காமிக்ஸ் வாசிக்க அன்று எங்களுக்கு இருந்த நேரம் இன்று எங்கே போனது என்பதற்கு இந்தச் சாலையிலேயே விடை கிடைக்கிறது. காலை ஐந்தேகாலுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடங்களில் பாருங்கள். ஒவ்வொரு முகத்திலும் நீல வெளிச்சம். அந்த நேரத்தை எடுத்துக்கொண்ட கருவியை ஒரு காலத்தில் நோக்கியாவாகவும் இப்போது ஐபோனாகவும் உலகத்துக்கு முடுக்கிக் கொடுத்ததே இந்த விரல்கள்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்கிறவருக்குக் கைக்குள் கிடைக்கும் இளைப்பாறல் அது. ஆனால் அந்தத் திரையில் அவர்கள் பார்ப்பதில் கணிசமான பங்கு சூப்பர்ஹீரோக்கள்தான். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019-இல் வந்தபோது தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார். அதற்கு முன்னால் இருபத்தோரு படங்கள் வந்திருந்தன. அத்தனையும் பார்த்தவர்களா இங்கே அரங்குகளை நிரப்பினார்கள்? பெரும்பாலோர் நாலைந்து பார்த்திருப்பார்கள். மீதியைப் பக்கத்து சீட்டில் இருந்த நண்பன் காதில் சொன்னான். ஒரு வீரர் குழுவின் கதை மேல் மக்களுக்குப் பசி இல்லை என்று இதற்குப் பிறகும் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பசி இருக்கிறது, பந்தியும் நடக்கிறது. தமிழ்க் காமிக்ஸ் அந்தப் பந்தியில் இல்லை.

தமிழ்க் காமிக்ஸ் செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அது பிழைத்த விதம் ஒரு பெரிய கதை. 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது, விலை நூறு ரூபாய். அன்று அதைக் கையில் வாங்கிய நடுவயதுக்காரர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதன்பின் வழவழக் காகிதம், முழு வண்ணம், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் வெளியாகும் அதே தரம். லார்கோ வின்ச், தோர்கல், கேப்டன் டைகர், டெக்ஸ் வில்லர். 2013 ஜனவரியில் நானூறு ரூபாய்க்கு ஒரு சிறப்பிதழ் வந்தது, விற்றது. மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ எல்லோரும் மறுபதிப்பில் திரும்பினார்கள். முன்பணம் கட்டும் சந்தாதாரர்களை நம்பியே இந்த வண்டி ஓடுகிறது. ஐரோப்பியப் பதிப்பாளருக்கு உரிமைத்தொகை, விலையுயர்ந்த காகிதம், குறைந்த பிரதிகள் என்ற கணக்கில் புத்தகத்தின் விலையைக் கீழே இறக்க வழியில்லை. பழைய வாசகர்கள் கைவிட்டிருந்தால் இன்று பேசுவதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

குறை இதுதான்: இன்றைய தமிழ்க் காமிக்ஸ் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களோடு பேசுகிறது. 'இரத்தப் படல'த்தைப் பாருங்கள். ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியத் தொடர். எண்பதுகளின் பின்பாதியில் லயனில் தொடங்கியது. கடற்கரையில் குண்டடி பட்டு ஒதுங்கிய ஒருவனுக்குத் தான் யார் என்றே நினைவில்லை. உடலில் பச்சை குத்திய ஓர் எண் மட்டும் இருக்கிறது. புதிய வாசகனை வரவேற்க இதைவிட நல்ல தொடக்கம் காமிக்ஸ் உலகில் மிகக் குறைவு. நாயகனுக்குத் தெரியாதது வாசகனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாகவே தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் கதையை 2010-இல் பதினெட்டு பாகங்களும் சேர்ந்த ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். கனமான புத்தகம், நான் கொண்டாடிய புத்தகம். ஆனால் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற இருபது வயதுப் பெண் கையில் அதைக் கொடுத்தால், முதல் பாகத்தின் அந்த அருமையான கடற்கரைக்குப் போவதற்குள் கனமே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். தொகுப்புகளின் இயல்பு அது. ஆசிரியர் பக்கமான 'ஹாட்லைன்' எனக்கு உயிர். விஜயன் எழுதிவந்த 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடரை இரண்டு முறை படிப்பேன். அவற்றின் இனிமை முழுவதும் நாற்பது வருட உறவிலிருந்து வருவது. அந்த உறவு இல்லாதவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இங்கிலாந்திலும் இதே நிலைமை வேறு விதமாக நேர்ந்தது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி எல்லோரும் பிறந்த ஊரில் மறக்கப்பட்டே போனார்கள். ஆலன் மூரின் கருவில் அவருடைய மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி 2005-இல் வந்த 'ஆல்பியன்' தொடரில், இந்த வீரர்கள் எல்லாம் ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் அரசாங்கத்தால் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான கற்பனைதான். ஆனால் இவர்களை முன்பே அறியாதவருக்கு அந்தச் சிறையில் யார் யாரென்று அடையாளம் தெரியாது. பிரிட்டனில் அவர்கள் சிறையில் கிடந்த காலத்தில் தமிழில் அவர்கள் மறுபதிப்பு கேட்டு வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன என்பது எனக்குப் பெருமை. 2018-இல் ரெபெல்லியன் என்ற பதிப்பகம் அந்தப் பழைய இதழ்களின் உரிமையை வாங்கிய பிறகுதான் பிரிட்டனிலும் அவர்கள் ஒழுங்காக நூல் வடிவம் பெற்றார்கள்.

புதியவருக்காகவே ஓர் இதழைத் திட்டமிட்டுச் செய்து அதில் வென்ற கதையும் உண்டு. அதைத்தான் நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். எக்ஸ்-மென் குழுவை மார்வெல் 1963-இல் தொடங்கியபோது ஐந்து பேரும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள். விற்பனை இல்லை, 1970-இலிருந்து பழைய கதைகளையே திரும்ப அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 1975-இல் லென் வெய்ன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த 'ஜெயண்ட் சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழ் வந்தது, ஐம்பது சென்ட் விலையில். பழைய குழு ஒரு தீவில் காணாமல் போய்விட்டது. பேராசிரியர் சேவியர் புது ஆட்களைத் தேடிக் கிளம்புகிறார். ஜெர்மனிக் கிராமத்தில் கூட்டத்திடம் அடிபடவிருந்த நீலத் தோல் இளைஞன், கென்யாவில் மழையைக் கொண்டுவரும் பெண், சைபீரியாவில் கூட்டுப்பண்ணையில் உழும் எஃகு உடம்புக்காரன், கனடாவின் வால்வரின், ஜப்பானின் சன்ஃபயர், அயர்லாந்தின் பான்ஷி, அரிசோனாவின் அப்பாச்சி வீரன். ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள். அவரவர் ஊர், அவரவர் சக்தி, அவரவர் கோபம். அறையில் எல்லோரும் முதன்முதலாக ஒன்றுகூடும்போது அவர்களும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள், வாசகனும் அறியமாட்டான். நம் ஆலைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் நடக்கும் இண்டக்‌ஷன் வகுப்பு இதேபோலத்தான்: பெயர், ஊர், எந்த ஐ.டி.ஐ. என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். மாலைக்குள் யார் யாரோடு ரூம் எடுப்பது என்று முடிவாகிவிடும்.

2011 ஆகஸ்டு கடைசி நாளில் டி.சி. நிறுவனம் தன் இதழ்கள் எல்லாவற்றையும் ஒன்றாம் எண்ணிலிருந்து திரும்பத் தொடங்கியபோதும் இதே உத்திதான். ஜெஃப் ஜான்ஸும் ஜிம் லீயும் செய்த 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழில் ஏழு பேர் குழுவை எதிர்பார்த்து வாங்கியவருக்கு, பெரும்பகுதி பேட்மேனும் கிரீன் லான்டர்னும் மட்டுமே கிடைத்தார்கள். இரண்டு பேரும் முதன்முறை சந்திக்கிறார்கள்; உனக்கு என்ன சக்தி என்று ஒருவன் இன்னொருவனைக் கேட்பதே வாசகனுக்கு அறிமுகமாகிவிடுகிறது. எனக்கு 1975-இன் இதழே மேல். ஒன்றாம் எண்ணை அட்டையில் போடுவது எளிது. ஏழு அந்நியர்களுக்கு ஊரும் மொழியும் கொடுப்பது கடினமான வேலை.

ஒருநாள் ஒரகடம் கூட்டு ரோடு டீக்கடையில் மாயாவி மறுபதிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பீகாரிலிருந்து வந்து வெல்டராக வேலை பார்ப்பவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "அண்ணா, என்ன புக்?" என்றார். பதில் சொல்வதற்குப் பதில் பிளக் பக்கத்தைக் காட்டினேன். மூன்று கட்டத்தையும் பார்த்தார். "கரண்ட்!" என்று சிரித்தவர், காற்றில் தனியாக நின்ற அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து நாகராஜ் அட்டை ஒன்றைக் காட்டினார். எண்பதுகளின் நடுவில் டெல்லியில் பிறந்த ராஜ் காமிக்ஸின் நாயகன்; உடம்பெல்லாம் பாம்புகள், மூச்சில் விஷம். சர்க்கஸில் வளர்ந்து எந்த மாயசக்தியும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வரும் சூப்பர் கமாண்டோ துருவாவையும் காட்டினார். பிறகு அண்டத்தைக் காக்க அவர்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த குழுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஷிஃப்ட் பஸ் வந்ததும் பாதியில் எழுந்து ஓடினார். பீகாரின் ரயில் நிலையக் கடைகளில் அவருக்குக் கிடைத்ததும் எங்களுக்கு இங்கே கிடைத்ததும் ஒரே வகைக் குழந்தைப் பருவம். ஒரே லைனில் வெல்டிங் செய்யும் இரண்டு பேர் ஒருவர் ஊர் வீரனை மற்றவர் கேள்விப்படாமலே இருக்கிறார்கள்.

இந்தச் சாலைக்கென்று ஓர் இதழ் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். முப்பத்திரண்டு பக்கம், சாதாரணக் காகிதம், ஒரு டீயும் வடையும் சாப்பிடும் விலை. தொடரும் போடாமல் முடியும் ஒரு கதை. தமிழ்க் காமிக்ஸின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகவே இருந்துவிட்டது. இது இங்கேயே எழுதப்பட வேண்டும். ஒரு குழு: தேனிப் பெண் ஒருத்தி, ஒடிசாப் பையன் ஒருவன், நிலத்தை ஆலைக்கு விற்ற குடும்பத்தின் உள்ளூர்க்காரன் ஒருவன், நோக்கியாவில் வேலை இழந்து இப்போது வேன் ஓட்டும் நாற்பது வயது அக்கா ஒருவர். யாருக்கு என்ன சக்தி என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும். பேச்சுக் குமிழி குறைவாகவும் படம் சொல்வது அதிகமாகவும் இருக்கட்டும், எழுத்து கூட்டிப் படிக்கிறவரும் பின்தொடரும்படி.

காசு எங்கே என்று கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசே 2022-இலிருந்து 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களை அச்சிட்டு வகுப்பறைக்கு அனுப்புகிறது. அதிகப் பிரதிகள் போட்டால் இதழ் ஒன்றின் அடக்கவிலை எவ்வளவு குறையும் என்று அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தச் சாலையோரத்தில் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. கண் சிகிச்சை முகாம், குளம் தூர்வாருதல், பள்ளிக்கு மேசை நாற்காலி என்று செய்கிறார்கள், நல்ல வேலைகள். அதில் ஒரு துளி போதும், விடுதிக்கு விடுதி, டீக்கடைக்கு டீக்கடை இந்த இதழ் போய்ச் சேரும். ஆனால் இலவசமாகக் கொடுக்கவேண்டாம் என்பேன். சொந்தக் காசில் வாங்கிய இதழைத்தான் ரூமில் இன்னொருவருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்.

முதல் இதழ் கவனத்தோடு வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் ஏழாவது, எட்டாவது இதழில் வரும். அதற்குள் எழுதுகிறவருக்குத் தன் பாத்திரங்கள் பழகிவிடும். வாசகர் கடிதம் எழுதுகிறவர்கள் பழைய சம்பவங்களைக் கேட்பார்கள். நேற்று பஸ் இறங்கியவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எக்ஸ்-மென்னை வெய்னுக்குப் பிறகு எடுத்து 1991 வரை எழுதிய கிறிஸ் கிளேர்மாண்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கதை எவ்வளவு சிக்கலாகப் போனாலும், சண்டையின் நடுவிலாவது ஒவ்வொரு வீரரும் தன் சக்தி என்னவென்று ஒரு வரி சொல்லிவிடுவார். பத்து வருடம் படித்தவர்கள், இது எங்களுக்குத் தெரியாதா என்று சலித்துக்கொண்டார்கள்; ஆனாலும் விடாமல் வாங்கினார்கள். அவர் எழுத ஜிம் லீ வரைந்த 1991-ஆம் ஆண்டின் புதிய முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எங்கள் குழுவின் தேனிப் பெண்ணும் இதழ் தவறாமல் தான் யார் என்று சொல்லட்டும். எனக்கு அது நூறாவது தடவையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.